சிட்னியில் முதல் இரவு புஷ்வாக்: எந்தப் பாதையில் போவது?

சிட்னியில் இருக்கும் நம்மவர்கள் யாராவது ‘ஒரு ராத்திரி காட்டில் டென்ட் போட்டுத் தங்கிவிட்டு வரலாம்’ என்று பேச்செடுத்தால், முதலில் வந்து விழும் பெயர் ராயல் நேஷனல் பார்க்கின் கோஸ்ட் டிராக். பண்டீனாவில் தொடங்கி ஆட்ஃபர்ட் வரை 26 கிலோமீட்டர். இடையில் நார்த் ஈரா முகாமில் ஒரு இரவு. ஒரு பக்கம் மணற்பாறைச் செங்குத்துகள், கீழே நீலக் கடல். போனவர்கள் போட்ட படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பாதை அருமையானதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பையைத் தூக்கிப் பழக்கமே இல்லாத ஒருவர், வழக்கமாக எல்லோரும் போகிற மாதிரி பண்டீனாவிலிருந்து தொடங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே பாதையை வேறு மாதிரி நடக்கலாம். அதைத் தவிர இன்னும் மூன்று இடங்களும் இருக்கின்றன. நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒரு சங்கதி. ‘வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவன் நான், இதெல்லாம் என்ன பிரமாதம்’ என்று கேட்பவர்கள் உண்டு. சிவனொளிபாத மலைக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஏறி இறங்கிய யாழ்ப்பாணத்து அண்ணன்மாரும் அதையேதான் கேட்பார்கள். கால் பலம் அவர்களுக்கு நிச்சயம் இருக்கும். ஆனால் அங்கே சீசனில் முன்னாலும் பின்னாலும் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், சிவனொளிபாதத்தில் வழி நெடுகத் தேநீர்க் கடைகள். தூக்கிப் போவது ஒரு தோள்பையும் தண்ணீர்ப் பாட்டிலும். தமிழ்நாட்டில் வனத்துறை வழியாகப் போகும் டிரெக்கிங்கில் கூடவே வழிகாட்டி வருவார். இங்கே வழிகாட்டி கிடையாது, கடை கிடையாது. வார நாளில் போனால் மறு ஆளைப் பார்ப்பதற்கே பல மணி நேரம் ஆகலாம். படுக்கை, வீடு, அடுப்பு, சாப்பாடு எல்லாம் முதுகில். அந்த எடைதான் புதியவரின் நடையை மாற்றிவிடுகிறது.

எடையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலிப் பை 2 கிலோ. இருவர் டென்ட் 2.5 கிலோ. ஸ்லீப்பிங் பேக்கும் பாயும் சேர்ந்து 2 கிலோ. அடுப்பு, கேஸ், ஒரு பாத்திரம் எல்லாம் முக்கால் கிலோ. உடை, மழைக்கோட்டு, டார்ச், முதலுதவி என்று 2 கிலோ. சாப்பாடு ஒன்றரை. தண்ணீர் இல்லாமலே பத்தரைக்கு மேல் போய்விட்டது. முகாமில் தண்ணீர் கிடையாது என்றால், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டராவது வேண்டும், அது ஐந்து கிலோ. ஆக மொத்தம் பதினைந்துக்கு மேல். நம் ஊர் வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸின் எடையே 14.2 கிலோதான். அதைவிடக் கூடுதலாக முதுகில் கட்டிக்கொண்டு மணலில் நடக்கப் போகிறோம். அறுபது கிலோ உடம்புள்ளவருக்கு இது கால் பங்கு எடை.

அதனால் முதல் நடைக்கு இடம் பார்க்கும்போது நான் காட்சியைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதல் கேள்வி, முகாமில் தண்ணீர் இருக்கிறதா. இரண்டாவது, ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கு வாந்தியோ காய்ச்சலோ வந்தால், அல்லது ‘என்னால் முடியவில்லை’ என்று உட்கார்ந்துவிட்டால், எப்படி வெளியே வருவது. மூன்றாவது, மொத்த தூரம் இரண்டு நாளுக்கும் எப்படிப் பிரிகிறது. பலர் மொத்த கிலோமீட்டரை மட்டும் பார்த்து அதைப் பாதியாக்கிக்கொள்கிறார்கள். முகாம் பெரும்பாலும் பாதி வழியில் இருப்பதில்லை.

கிராஸ்லேண்ட்ஸ்: அழகில் கடைசி, நிம்மதியில் முதல்

கிரேட் நார்த் வாக் என்பது சிட்னியிலிருந்து நியூகாசல் வரை 250 கிலோமீட்டர் போகும் நெடும்பாதை, 1988-இல் திறந்தது. அதில் ஹார்ன்ஸ்பி ஸ்டேஷனில் இறங்கி, கால்ஸ்டன் கார்ஜ் வழியாக பெரௌரா கிரீக்கை ஒட்டிப் போனால் கிராஸ்லேண்ட்ஸ் ரிசர்வ் வரும். பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மறுநாள் அங்கிருந்து பெரௌரா ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். இரண்டு முனையிலும் ரயில், வெண்ட்வொர்த்வில்லிலிருந்து போனாலும் கார் தேவையில்லை.

முகாம் கவுன்சில் பராமரிப்பில் இருக்கிறது. புல்தரை, குழாய், கழிப்பறை, பார்பிக்யூ எல்லாம் உண்டு. முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கார் வரும் சாலை முகாம் வரை இருக்கிறது. ராத்திரி ஏதாவது ஆனால் போன் போட்டு யாரையாவது வரவழைக்கலாம். முதல் இரவுக்கு இதைவிடப் பெரிய காப்பீடு கிடையாது.

இதுவே அதன் குறையும்கூட. கார் வருகிற இடத்துக்குப் பையைச் சுமந்துகொண்டு நடந்து போய், பக்கத்தில் ஒரு குடும்பம் எஸ்கியை (ஐஸ் பெட்டியை) திறந்து கோழி வாட்டுவதைப் பார்த்தால், ‘நாம் எதற்கு இவ்வளவு பாடுபட்டோம்’ என்று தோன்றும். சதுப்புநிலம் ஓரம் என்பதால் கொசு உண்டு. மழை பெய்திருந்தால் அட்டைகளும் இருக்கும், சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு நடங்கள். பெரௌராவுக்குப் போகும் வழியில் கால்னா கிரீக் பக்கம் மாங்குரோவும் உவர்புல் வெளியுமாக ஒரு பகுதி வரும், அது எனக்குப் பிடிக்கும். மற்றபடி மனதைக் கொள்ளைகொள்ளும் காட்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

குழந்தைகளோடு போகிறவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள், டென்ட்டில் தூக்கம் வருமா என்றே தெரியாதவர்கள் எல்லோரும் வேறு எதையும் யோசிக்காமல் இங்கே போகலாம். பெரியவர்கள் நேராகக் காரில் வந்து சாயங்காலம் முகாமில் உங்களோடு சேர்ந்துகொள்ளலாம். ‘அங்க பாத்ரூம் இருக்காப்பா?’ என்று அம்மா கேட்டால் தைரியமாகத் தலையாட்டலாம். மற்ற மூன்று இடங்களுக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கோஸ்ட் டிராக்: எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது

ராயல் நேஷனல் பார்க் 1879-இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் எல்லோஸ்டோனுக்கு அடுத்தபடி உலகிலேயே பழமையான தேசியப் பூங்கா என்று சொல்வார்கள். தாராவல் மக்களின் நிலம். பண்டீனா பக்கம் ஜிப்பனில் அவர்கள் பாறையில் செதுக்கிய உருவங்களை இன்றும் பார்க்கலாம்.

26 கிலோமீட்டர் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். பண்டீனாவிலிருந்து வாட்டமோல்லா வரை ஒன்பது, பத்து. அங்கிருந்து கேரி கடற்கரைக்கு ஏழு. கேரியிலிருந்து ஒரு குன்றைத் தாண்டி நார்த் ஈராவுக்கு இரண்டு, இரண்டரை. நார்த் ஈராவிலிருந்து ஆட்ஃபர்டுக்கு எட்டு. ஆக, பண்டீனாவில் தொடங்கினால் முதல் நாள் பதினெட்டு கிலோமீட்டர், மறுநாள் எட்டு. பையில் முழுத் தண்ணீரும் முழுச் சாப்பாடும் இருக்கும் நாளில்தான் பெரிய தூரம்! குரோனுல்லாவிலிருந்து படகு பிடித்து, அரை மணி நேரம் கடந்து, பண்டீனாவில் காபி குடித்துவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினால், படம் எடுக்க நின்ற நேரமும் சேர்ந்து இருட்டும் வேளையில்தான் முகாம் போய்ச் சேர்வீர்கள். பகலொளி சேமிப்பு நேரம் ஏப்ரல் முதல் ஞாயிறோடு முடிந்துவிடும். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். புதிதாக வாங்கிய டென்ட்டை முதன்முதலாகக் காற்றில், டார்ச் வெளிச்சத்தில் விரிப்பது யாருக்கும் வேண்டாம்.

இன்னொன்று, இந்தப் பாதையின் வடக்குப் பாதியில் நிழல் மிகக் குறைவு. இடுப்பளவு புதர்கள்தான், மேலே முழு வானம். பல இடங்களில் சதுப்பின் மேல் சல்லடை மாதிரித் தளம் போட்டிருக்கிறார்கள், நடக்க வசதி. வெயில் மட்டும் மேலிருந்தும் பாறையிலிருந்தும் சேர்ந்து அடிக்கும். நார்த் ஈராவில் குடிதண்ணீர் கிடையாது, சுமந்துதான் ஆக வேண்டும். கோடையில் இந்தப் பக்கம் முதல் நடைக்குப் போவதை நினைத்தே பார்க்காதீர்கள்.

சரி, இதைத் திருப்பிப் போட்டால்? ஆட்ஃபர்டில் தொடங்கினால் முதல் நாள் எட்டே கிலோமீட்டர். ஸ்டேஷனில் இறங்கியவுடன் ஊருக்குள்ளேயே ஒரு செங்குத்து ஏற்றம் வரும், அதில் மூச்சு வாங்கும். அதைத் தாண்டி ஆட்ஃபர்ட் முகப்புக்குப் போய்விட்டால் பாதை மரங்களுக்குள் நுழைந்துவிடும். பாம் ஜங்கிள் என்ற பகுதியில் உயரமான பனைவகை மரங்கள், கொடிகள், ஈரமண், நல்ல நிழல். வேர்களும் சேறும் வழுக்கும், அதனால் மெதுவாகப் போங்கள். அதிலிருந்து வெளியே வந்ததும் பர்னிங் பாம்ஸ் கடற்கரையும் புல் சரிவும் ஒரேயடியாகத் திறக்கும். சரிவில் தகரக்கூரைச் சிறு வீடுகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். 1930-களின் பொருளாதார மந்த காலத்தையொட்டி ஆட்கள் பலகையும் தகரமும் சுமந்து வந்து கட்டிய குடில்கள் அவை, இன்று பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். பூட்டியிருக்கும், ஆள் இருந்தால் கையசைப்பார்கள். அவை தனியார் குடில்கள், திண்ணையில் போய் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

காலை பத்து மணிக்கு ஆட்ஃபர்டில் இறங்கினால், நிதானமாக நடந்தும் மூன்று மணிக்குள் முகாமில் இருக்கலாம். வெளிச்சத்தில் டென்ட் போட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கயிறுகளை இழுத்துக் கட்டி, ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்காரலாம். அந்தி நேரத்தில் மான்கள் புல் மேய வரும். இந்த ஊர் மான் இல்லை, நூறு ஆண்டுக்கும் மேலாக முன்பு கொண்டுவந்து விட்ட ரூசா மான்கள். நமக்கு மான் என்றால் வாய் பிளந்து பார்க்கத் தோன்றும், பூங்காக்காரர்களுக்கு அவை தலைவலி. ராத்திரி டென்ட்டுக்கு வெளியே புல்லைப் பறிக்கும் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், அநேகமாக மான்தான். சரசரவென்று பையைக் கிளறும் சத்தம் என்றால் பாஸம், இரவில் இரை தேடும் சின்ன மரவாழ் விலங்கு. சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் உப்புமா மிக்ஸ் பாக்கெட்டில் ஓட்டைதான் மிஞ்சும். இறுக மூடும் டப்பாவில் போட்டு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை உண்டு, ஃப்ளஷ் கிடையாது, காகிதம் நம் கையில்தான்.

மறுநாள் என்ன செய்வது? இங்கே மூன்று வழி இருக்கிறது, இந்தச் சௌகரியத்துக்காகவே கோஸ்ட் டிராக்கை நான் மேலே வைப்பேன். உடம்பில் தெம்பு இருந்தால், பை தண்ணீர் குறைந்து கொஞ்சம் இளைத்திருக்கும் நாளில், வடக்கே பதினெட்டு கிலோமீட்டர் நடந்து பண்டீனா போகலாம். மாலைக் கடைசிப் படகின் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தெம்பு இல்லையென்றால் வந்த வழியே எட்டு கிலோமீட்டர் திரும்பி ஆட்ஃபர்ட். அதுவும் முடியாவிட்டால் குன்றைத் தாண்டி இரண்டரை கிலோமீட்டரில் கேரி. அங்கே சாலை இருக்கிறது, யாரையாவது காரில் வரச் சொல்லலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: கேரிக்கும் வாட்டமோல்லாவுக்கும் போகும் சாலைகளின் கேட்டை இரவு எட்டரைக்கு மேல் பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் யாரும் காரை எடுத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. ஆகவே ‘முடியவில்லை’ என்ற முடிவைச் சாயங்காலமே எடுத்துவிட வேண்டும். செல்போன் சிக்னலும் இடத்துக்கு இடம் மாறும்.

கடல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம்மவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் அதிகம், தெரிந்தவர்களும் கிணற்றிலும் குளத்திலும் கற்றவர்கள். இந்தக் கடற்கரைகளில் ரிப் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். உயிர்காப்பாளர்கள் சிவப்பு மஞ்சள் கொடி நட்டிருக்கவில்லை என்றால் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். பர்னிங் பாம்ஸ் பக்கம் இருக்கும் ஃபிகர் எயிட் பாறைக்குளங்களில், பெரிய அலை பாறைமேல் ஏறி ஆட்களைச் சுருட்டிப்போட்டுக் காயப்படுத்துவது அடிக்கடி நடப்பது. பூங்கா நிர்வாகம் அதற்கென்றே அலை அபாய முன்னறிவிப்பு வெளியிடுகிறது. முதுகில் பையோடு போகும்போது அதைத் தொடவே வேண்டாம். வடக்கே வெட்டிங் கேக் பாறையைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே படம் எடுங்கள். விளிம்பு இடிந்து விழக்கூடியது என்று கண்டறிந்துதான் போட்ட வேலி அது.

இந்தப் பாதையின் பெரிய இடைஞ்சல் முன்பதிவுதான். நார்த் ஈராவில் இடம் குறைவு, நல்ல பருவத்தின் சனிக்கிழமைகள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். பள்ளி விடுமுறை அல்லாத வெள்ளிக்கிழமை கிடைத்தால் விடாதீர்கள். முன்பதிவு இல்லாமல் போய் ‘எங்காவது ஓரமாக ஒரு டென்ட் போட்டுக்கொள்ளலாம்’ என்பது நடக்காது. அங்கே புற்களுக்கு அடியில் தாராவல் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் போட்ட சிப்பிக் குவியல்கள் இருக்கின்றன, அவற்றைக் காப்பதற்காகவும்தான் இந்தக் கட்டுப்பாடு.

ஆட்ஃபர்ட் வழியில் நமக்கென்றே ஒரு லாபமும் உண்டு. அடுத்த ஸ்டேஷன் ஹெலன்ஸ்பர்க். வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கும் அதே ஹெலன்ஸ்பர்க்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதுகு வலியோடு கோயில் கேன்டீனில் தோசை சாப்பிடும் சுகத்தை மற்ற எந்தப் பாதையும் தராது. ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குக் கொஞ்சம் தூரம் என்பதால் காரில் வந்து அழைத்துப் போக ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். சந்நிதிக்குப் போவதென்றால் மாற்று உடை ஒன்றையும் காரில் வைக்கச் சொல்லுங்கள், இரண்டு நாள் வேர்வையோடு பெருமாளைப் பார்ப்பது அவ்வளவு நன்றாக இருக்காது.

மெகாலாங்கிலிருந்து காக்ஸ் ஆறு: தண்ணீர் உள்ள பாதை

கடல் வேண்டாம், மலையும் ஆறும்தான் வேண்டும் என்பவர்களுக்கு சிக்ஸ் ஃபுட் டிராக்கின் ஒரு துண்டு. புளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியின் கட்டூம்பாவிலிருந்து ஜெனோலன் குகைகளுக்குக் குதிரையில் போவதற்காக 1884-இல் போட்ட வழி அது. எதிரும் புதிருமாக இரண்டு குதிரைகள் விலகிப் போகும் அளவுக்கு ஆறடி அகலம் என்று வைத்த பெயர். முழுவதும் நடந்தால் 45 கிலோமீட்டர், வழக்கமாக மூன்று நாள். முதல் நடைக்கு அது அதிகம். மேலும், போய்ச் சேரும் ஜெனோலன் பக்கத்துச் சாலைகள் மழைச் சரிவுகளால் ஆண்டுக்கணக்கில் சிக்கலில் இருந்தவை. தொடக்கத்தில் வரும் நெல்லிஸ் கிளென் இறக்கமும் படிக்கட்டாக முழங்காலைப் பதம் பார்க்கும்.

அதனால் அந்த இறக்கத்தை விட்டுவிட்டு, காரில் பிளாக்ஹீத் வழியாக மெகாலாங் பள்ளத்தாக்குக்கு இறங்கி, பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். அங்கிருந்து காக்ஸ் ஆற்று முகாம் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். தொடக்கத்தில் தனியார் பண்ணைகள் வழியாகப் போகும். வேலிகளைத் தாண்ட மரப்படிகள் இருக்கும், பையோடு ஏறும்போது பக்கவாட்டில் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடுகள் மேயும், அவை உங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காது. அப்புறம் பள்ளத்தாக்கின் சரிவை ஒட்டி, ஆற்றின் சத்தம் கீழே கேட்டுக்கொண்டே வர, படிப்படியாக இறங்கும். முகாமுக்குச் சற்று முன்பு பவுடெல்ஸ் தொங்கு பாலம். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் அதில் போகலாம். கம்பிவடத்தில் தொங்குகிற ஒடுக்கமான பலகை வழி, நடுவில் போனால் ஒவ்வொரு அடிக்கும் மெல்லத் தள்ளாடும். உயரம் பயம் உள்ளவர் கூட்டத்தில் இருந்தால் அவரை நடுவில் விடுங்கள், முதலிலும் கடைசியிலும் வேண்டாம்.

எடைக் கணக்கில் இந்தப் பாதைதான் ஜெயிக்கிறது. ஆறு பக்கத்திலேயே ஓடுவதால் நடப்பதற்கு வேண்டிய இரண்டு, இரண்டரை லிட்டர் மட்டும் சுமந்தால் போதும். ஆனால் ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. மேலே முழுக்க மாட்டுப் பண்ணைகளும் ஊர்களும். கொதிக்க வைத்தோ, மாத்திரை போட்டோ, வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். முகாமில் மழைநீர்த் தொட்டி இருந்தாலும் அதில் தண்ணீர் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள், இருந்தாலும் கொதிக்க வையுங்கள்.

குறை எங்கே என்றால், வெளியே வரும் வழியில். வந்த வழிதான் போகும் வழி, அதுவும் ஏற்றமாக. ராத்திரி ஏதாவது ஆனால் எட்டு கிலோமீட்டர் இருட்டில் ஏறுவதைவிட விடியும்வரை காத்திருப்பதே நல்லது. செல்போனை நம்ப முடியாது. அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: புளூ மவுண்டன்ஸில் நடக்கப் போகிறவர்களுக்கு அவசரகாலச் செயற்கைக்கோள் பீக்கனை போலீஸும் பூங்காத் துறையும் சேர்ந்து இலவசமாகவே இரவல் கொடுக்கிறார்கள். கட்டூம்பா போலீஸ் நிலையத்திலும் பிளாக்ஹீத்தில் உள்ள பூங்கா மையத்திலும் கேட்டு வாங்கலாம். வாங்குவதற்கு வெட்கப்படாதீர்கள். போலீஸ் நிலையப் படியே ஏறக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், இந்த ஒரு காரியத்துக்கு ஏறலாம்.

இன்னொரு குறை, குளிர். ஜூன், ஜூலை இரவுகளில் பள்ளத்தாக்கில் உறைபனி விழும். கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் ஸ்லீப்பிங் பேக்கில் ‘5 டிகிரி’ என்று போட்டிருந்தால், 5 டிகிரியில் சுகமாகத் தூங்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு ஏழெட்டு டிகிரி மேலே இருந்தால்தான் நமக்குத் தூக்கம் வரும். கீழே போடும் பாய் மெலிதாக இருந்தால் போர்வை எத்தனை இருந்தும் பயனில்லை, குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

பெருமழைக்குப் பிறகு ஆறு பெருகும், மெகாலாங் சாலையிலும் மண் சரியும். அந்த வாரம் விட்டுவிடுங்கள்.

புளூ கம் காடு: இரண்டாவது நடைக்கு

அதே புளூ மவுண்டன்ஸில், குரோஸ் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் புளூ கம் காட்டைப் பற்றி யாராவது உங்களிடம் உருகிப் பேசியிருப்பார்கள். உருக வேண்டிய இடம்தான். 1931 ஈஸ்டரின்போது அங்கே முகாம் போட்டிருந்த நடைப்பயணிகள், குத்தகைக்காரர் ஒருவர் அந்த மரங்களை வெட்டிவிட்டு வால்நட் தோட்டம் போடப் போகிறார் என்று அறிந்து, 130 பவுண்டு திரட்டிக் கொடுத்து அவரிடமிருந்து காட்டை மீட்டார்கள். கையில் காசில்லாத மந்த காலத்தில் நடந்தது இது. ஆனால் பெர்ரிஸ் லுக்டவுனிலிருந்து இரண்டே கிலோமீட்டரில் அறுநூறு மீட்டர் உயரம் இறங்க வேண்டும். மறுநாள் அதே அறுநூறு மீட்டரை வலிக்கிற காலோடு ஏற வேண்டும். வேறு சுலப வழி கிடையாது. 2019-20 காட்டுத்தீக்கும் அதைத் தொடர்ந்த மழை வருடங்களுக்கும் பிறகு அந்தப் பக்கத்துப் பாதைகள் மாறி மாறி மூடப்பட்டிருக்கின்றன. இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஏமாந்து முதல் நடைக்கு இதைத் தேர்ந்தெடுத்தவர்கள், அதற்கப்புறம் டென்ட்டை விற்பதற்கு விளம்பரம் போடுவார்கள். ஒரு முறை வேறு எங்காவது தங்கி வந்த பிறகு போங்கள்.

யாருக்கு எது

கார் இல்லாத, முப்பது வயதுக்குள் இருக்கும், ஒரு மணி நேரம் விடாமல் வேகமாக நடக்கக்கூடிய இருவர் மூவர் என்றால், தயங்காமல் ஆட்ஃபர்டிலிருந்து நார்த் ஈரா. ஏப்ரல் பின்பாதி, மே, அல்லது ஆகஸ்ட், செப்டம்பர். இடம் கிடைக்கவில்லை என்றால் பாதையை மாற்றுவதைவிடத் தேதியை மாற்றுவேன். நால்வராகப் போய், அவர்களில் ஒருவர் ஏற்கெனவே முகாம் போட்டுப் பழகியவர், கையில் காரும் இருக்கிறது என்றால் காக்ஸ் ஆறு. தண்ணீர் சுமக்க முடியாத முதுகு உள்ளவர்களுக்கும் அதுவே. ஆனால் அந்தப் பழகிய ஒருவர் இல்லாமல் முதல் தடவையே அங்கே போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன், வெளியே வர ஒரே வழிதான் என்ற காரணத்துக்காக. குடும்பத்தோடு என்றால் கிராஸ்லேண்ட்ஸ், அதில் விவாதமே இல்லை.

இரு மனமாக இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. கேரி வரை காரில் போய், அங்கிருந்து குன்றைத் தாண்டி இரண்டரை கிலோமீட்டர் நடந்து நார்த் ஈராவில் தங்கிவிட்டு மறுநாள் காலை திரும்பிவிடலாம். நடை ஒரு மணி நேரம்தான். அதே கடல், அதே மான், அதே இரவு. ‘இதெல்லாம் ஒரு ஹைக்கா’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. கார் ராத்திரி முழுவதும் அங்கேயே நிற்கும் என்பதால், வாகனக் கட்டணத்தையும் இரவு நிறுத்த அனுமதியையும் முகாம் பதிவு செய்யும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான்களை எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். டென்ட், பை, ஸ்லீப்பிங் பேக் மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும், நண்பர்கள் வீட்டுக் கராஜிலும் கிடைக்கும். காசு போட வேண்டியது செருப்புக்கும் சாக்ஸுக்கும்தான். செருப்பு என்று நான் சொல்வது நல்ல பிடிமானமுள்ள ஷூவை, தாங்ஸ் (ரப்பர் செருப்பு) போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டாம். முதல் நாள் மத்தியானத்துக்குப் புளியோதரையும் சப்பாத்தி தொக்கும் கெடாமல் வரும். ராத்திரிக்கு வெந்நீர் மட்டும் கேட்கிற எதுவானாலும் சரி, அவல், சேமியா, ரெடி உப்புமா. அரிசி வேக வைக்க ஆரம்பித்தால் கேஸும் தண்ணீரும் தீர்ந்துவிடும். குக்கர் கொண்டுவந்தவரை நான் பார்த்திருக்கிறேன், விசில் வரும்வரை முகாமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் இரண்டைப் பாருங்கள். பூங்காத் துறையின் இணையதளத்தில் அந்தப் பாதை மூடப்பட்டிருக்கிறதா, ஆர்எஃப்எஸ் (கிராமப்புறத் தீயணைப்புச் சேவை) தளத்தில் முழுத் தீத்தடை அறிவித்திருக்கிறார்களா என்று. தடை இருந்தால் அடுப்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்று பார்க்காதீர்கள், பயணத்தையே தள்ளிப்போடுங்கள். அப்புறம், வீட்டில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸாப்பில் எழுதிப் போடுங்கள்: எந்தப் பாதை, எந்த முகாம், யார் யார், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு அவசர உதவி எண் 000-ஐ அழைக்க வேண்டும். ‘லேட்டானால் கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், மணியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.